மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு அக்குபஞ்சர் செய்யலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வலிக்குப் பயந்து பிசியோ பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறார். இங்கே மேலூரில் ஓர் அக்குபஞ்சர்காரரிடம் கேட்டோம், எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார். போகலாமா?

பதில்: அக்குபஞ்சர் ஊசி வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அவரிடம் வேண்டாம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலில் போய் அடைக்கும் அபாயம் இருப்பதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிற மருந்தை 35 நாள் வரைகூடக் கொடுக்கிறார்கள். அதை மூன்றாவது வாரத்தில் நிறுத்து என்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான், சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, உள்ளே வைத்த மூட்டில் கிருமி புகுந்தால் மறுபடி ஆபரேஷன் வரை போகும். வலி மாத்திரை மட்டும் வேறு கதை, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம்.

சரி, ஊசியால் வலி குறையுமா? ஓரளவு. மூட்டு மாற்று செய்துகொண்டவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த அலசலில், அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களுக்கு ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற கடுமையான) வலிமருந்தின் தேவை தள்ளிப்போனது தெரிந்தது. (நம்ம பக்கம் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு வைத்தியம் பார்ப்பவர்கள் நிறைய. இந்த ஆய்வை அவர்களுக்கு வரவு வைக்க முடியாது.)

வலி தணிந்த அந்தக் கொஞ்ச நேரத்தை வீணாக்காதீர்கள், அப்போதே முட்டியை மடக்கி நீட்டிப் பழக வேண்டும். ஊசி முடிந்ததும் பிசியோ வருகிற மாதிரி நேரம் வாங்குங்கள், இரண்டுக்கும் தனித்தனியாக மதுரை மாட்டுத்தாவணி வரை பஸ்ஸில் இடிபட்டு வந்தால் கிடைத்த சுகம் வழியிலேயே போய்விடும். ஊசியை நம்பி பிசியோவை விட்டால் உள்ளே தழும்பு இறுகி முட்டி மடங்காமலே நின்றுவிடக்கூடும்.

ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஒரு முறை குத்தியது குப்பைக்கு. தையல் போட்ட முட்டியிலும் வீங்கிய இடத்திலும் குத்த விடாதீர்கள். காது, கை, மறுகால் போதும். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் மூலிகைச் சூடு காட்டுவது கூடவே கூடாது, சுட்டதே அம்மாவுக்குத் தெரியாது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் கருவி வைத்திருந்தால் கரண்ட் கொடுக்கும் ஊசியும் வேண்டாம்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, புண்ணில் நீர் கசிந்து காய்ச்சல் வந்தாலோ, ஊசிக்கு வாங்கிய நேரத்தை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.