மழை இல்லாமலே வீராணம் நிரம்புவது எப்படி? (பதில்)

நீங்கள் கேட்டவை இரண்டு: காட்டுமன்னார்கோயில் பக்கம் மழையே இல்லாதபோது வீராணம் ஏரி எப்படி நிரம்பி 47.5 அடியைத் தொட்டது, நீங்கள் வரையும் ஏரி வரைபடத்தில் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வடவாற்றை எங்கே இணைப்பது?

முதலில், 47.5 அடி என்பது ஆழம் அல்ல, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் நீர்மட்டம். சரிபார்ப்பது எளிது. ஏரியின் நீளம் சுமார் 14 கி.மீ. சராசரி அகலம் 2 கி.மீ. என்று குறைத்தே வைத்தாலும், 47 அடி ஆழத்துக்கு 14 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) பிடிக்கும். உண்மைக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி.தான். அகலமான, ஆழமில்லாத ஏரி இது. வண்டல் படிந்தால் கொள்ளளவு சட்டென்று அடிபடுவதும் அதனால்தான்.

தண்ணீர் காவிரியுடையது. மேட்டூரில் திறந்தது கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரையிலுள்ள கீழணையில் (1836, ஆர்தர் காட்டன் காலம்) தேங்குகிறது. அங்கே வடகரையில் பிரிவதுதான் வடவாறு. தெற்கிலிருந்து ஏரிக்குள் நுழையும்படி வரையுங்கள். தஞ்சாவூர் வழியாக ஓடும் வடவாறு வேறு, பெயரைப் பார்த்து இரண்டையும் கோத்துவிடாதீர்கள். பாசன மதகுகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில். வடக்கே சேத்தியாத்தோப்பு, வெள்ளாறு. 2004 முதல் சென்னைக்கும் குழாயில் தண்ணீர் போகிறது.

உள்ளூர் மழைக்கும் பங்குண்டு, ஆனால் அது வெள்ளக் காலத்தில். மேற்கிலிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை பெருகி வரும்போது வடவாற்று வரத்தைக் குறைத்து, உபரியை லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடையில் விடுவார்கள்.

வரைபடத்தோடு ஏரியின் வரலாற்றுக் காலக்கோடும் போடுவதானால், அதில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனை (907–955) வையுங்கள். வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயர்தான் ஏரிக்கு.