வீட்டை எழுதிக் கொடுப்பதா, விற்பதா?

கேள்வி: எனக்கு 70 வயது, மனைவிக்கு 66. மயிலாடுதுறையில் என் பெயரில் சொந்த வீடு இருக்கிறது. அதைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்துவிடச் சொல்கிறான் ஒரே மகன். மனைவியோ, விற்றுவிட்டுக் கோவையில் முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கலாம் என்கிறாள். எதைச் செய்வது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, மகனோடு போய் இருப்பது வேறு, வீட்டை எழுதிக் கொடுப்பது வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள். இரண்டாவதற்கு என்ன அவசரம்? உயில் போதுமே. முதலில் மனைவிக்கு, அவர் காலத்துக்குப் பிறகு மகனுக்கு என்று எழுதி, இரண்டு சாட்சிகள் வைத்துப் பதிவும் செய்துவிடுங்கள். மனசு மாறினால் மாற்றி எழுதலாம். வீட்டை இப்போதே மகன் பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம் அப்படியில்லை. பதிவானால் வீடு கைமாறியதுதான்.

எழுதியே ஆகவேண்டும் என்றால், 'கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும்' என்ற வரி பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வரி இல்லாத பத்திரங்களுக்கு நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே மாதிரி சொன்னதில்லை. மகன் தங்கமானவராகவே இருக்கட்டும், ஒரு வரியால் அவருக்கு என்ன நஷ்டம்?

சரி, கோவை. துணைவியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. சமையல், வீட்டு வேலை என்று ஓடியவருக்கு ஓய்வு வேண்டாமா? ஆனால் வாங்கும் முன் அங்கே மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். என் சித்தப்பா விடிகாலை நாலரைக்கே டிகாக்‌ஷன் இறக்கிவிடுவார். அவர் போன இடத்தில் மெஸ் காபி ஆறரைக்குத்தான். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், இரண்டாவது மாதமே பெட்டியோடு திரும்பிவிட்டார். வாங்கியிருந்தால் முடிந்திருக்குமா?

அங்கே இருக்கும்போதே அலுவலகத்தில் கேட்க வேண்டியதையும் கேளுங்கள். மாதப் பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? படுத்த படுக்கையானால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, அதற்குத் தனிப் பணமா? சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஒருவர் மட்டும் மிஞ்சினால் கட்டணம் குறையுமா? அப்புறம், வாங்குகிறவருக்கும் குறைந்தபட்ச வயது உண்டு என்று சில இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு மகன் விற்கப் போனால் ஆள் தேடி அலைய வேண்டும். வாயால் சொல்வதை நம்பாமல் ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அந்த மூன்று மாதமும் மயிலாடுதுறை வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து காற்றாட விடச் சொல்லுங்கள்.