சர்வர்களை நிரலால் கட்டுவோருக்கு: வாசகர் கேள்வி-பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கிளவுட் கட்டமைப்பைப் பற்றி வந்த கேள்விகளுள் ஐந்துக்கு இங்கே விடையளிக்கிறேன். இவற்றில் வரும் டெர்ராஃபார்ம், புலுமி இரண்டும், வேண்டிய சர்வர்களையும் டேட்டாபேஸ்களையும் நிரலாக எழுதிக் கொடுத்தால் அவற்றைக் கிளவுடில் உருவாக்கித் தரும் கருவிகள்.

எங்கள் குழு டெர்ராஃபார்ம் பயன்படுத்துகிறது. புலுமிக்கு மாறினால் தெரிந்த பைத்தானிலேயே எழுதலாம் என்கிறார்கள். மாறலாமா?
— ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் வாசகர்

பைத்தானில் எழுதலாம் என்ற ஒரே காரணத்துக்காக மாற வேண்டாம். 2014-இல் வெளிவந்த டெர்ராஃபார்ம் தனக்கென்று ஒரு சிறிய மொழியை வைத்திருக்கிறது. அதில் யார் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால், புதிதாகச் சேர்ந்தவரும் ஒரு வாரத்தில் படித்துப் புரிந்துகொள்வார். 2018-இல் திறமூலமாக வெளியான புலுமியில் டைப்ஸ்கிரிப்ட், பைத்தான், கோ, சி ஷார்ப், ஜாவா ஆகிய மொழிகளில் எழுதலாம். சிறு வேறுபாடுகளுடன் ஒரே கட்டமைப்பைப் பல வாடிக்கையாளர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்து, அதை ஃபங்ஷனாகவும் கிளாஸாகவும் பிரித்துச் சோதிக்க வேண்டிய நிலை வந்திருந்தால் மாறுவது பயன் தரும். 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்மின் உரிமம் மாறியதுதான் உங்கள் கவலை என்றால், அதே மொழியை ஏற்கும் திறமூலக் கருவியான ஓப்பன்டோஃபுவே போதும்.

புலுமியில் சர்வரின் ஐபி முகவரியை அச்சிட்டால் முகவரி வராமல் 'அவுட்புட்' என்று ஏதோ வருகிறது. ஏன்?
— பாலக்கோடு வாசகர்

உங்கள் நிரல் சர்வரை நேரடியாக உருவாக்குவதில்லை. இன்னின்னவை இருக்க வேண்டும் என்று அது புலுமியின் எஞ்சினிடம் பதிவு செய்கிறது. எஞ்சின் அதை, ஏற்கெனவே உருவாக்கியவற்றைப் பதிந்து வைத்திருக்கும் ஸ்டேட் கோப்புடன் ஒப்பிட்டு, வேறுபடுவதை மட்டும் கிளவுட் நிறுவனத்திடம் கேட்டு உருவாக்குகிறது. ஆகவே நிரல் ஓடும் நேரத்தில் முகவரி இன்னும் பிறந்திருக்காது. அது கிடைத்த பின் செய்ய வேண்டியதை 'அப்ளை' ஃபங்ஷனுக்குள் எழுதுங்கள். ஆனால் புதிய சர்வரையோ டேட்டாபேஸையோ அதற்குள் உருவாக்காதீர்கள். மதிப்பு தெரியாத பிரிவியூவில் (வரப்போகும் மாற்றங்களை இயக்கும் முன்பே காட்டும் ஒத்திகையில்) அந்தப் பகுதி ஓடாது என்பதால், என்ன உருவாகப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியாமல் போய்விடும்.

தாலுகா வாரியாக டேட்டாபேஸ்களை ஃபார் லூப்பில் உருவாக்கினேன். நடுவில் இருந்த ஒன்றை நீக்கினால், நான் தொடாத இன்னொன்றும் அழியும் என்று பிரிவியூ காட்டுகிறது.
— தருமபுரி வாசகர்

பிரிவியூவைப் படித்துவிட்டு நிறுத்தினீர்களே, அதுவே பெரிய காரியம். பொதுவான நிரல்மொழிகளில் கட்டமைப்பை எழுதுவோர் மிக அதிகமாகச் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று பட்டியல் இருக்கிறது. லூப் அவற்றுக்கு டிபி-0, டிபி-1, டிபி-2 என்று பெயரிடுகிறது. பாலக்கோட்டை நீக்கியதும் பென்னாகரம் ஓரிடம் முன்னேறி டிபி-1 ஆகிறது. எஞ்சினுக்குத் தாலுகா தெரியாது, பெயர் மட்டுமே தெரியும். எனவே டிபி-1 பாலக்கோட்டிலிருந்து பென்னாகரமாக மாற வேண்டும் என்றும், டிபி-2 இனித் தேவையில்லை என்றும் முடிவு செய்கிறது. தகவல்களோடு உண்மையில் இயங்கிக்கொண்டிருக்கும் பென்னாகரம் டேட்டாபேஸ் அந்த டிபி-2 தான். கோப்புகள் உள்ள எஸ்3 பக்கெட்டாக (அமேசானின் கோப்புச் சேமிப்பிடமாக) இருந்தால் அமேசானே அழிக்க மறுத்துவிடும். டேட்டாபேஸுக்கு, நீங்களாகப் பாதுகாப்பை இயக்கியிருந்தாலொழிய, அந்தத் தடை இல்லை.

முதலில் பட்டியலைப் பழையபடி மூன்றாகவே வையுங்கள். பெயரை வரிசை எண்ணிலிருந்து தாலுகாவின் பெயருக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பழைய பெயரை 'அலையாஸ்' (மாற்றுப்பெயர்) ஆகக் கொடுங்கள். பிரிவியூவில் அழிப்பும் மறுஉருவாக்கமும் ஒன்றுகூட இல்லை என்று உறுதியான பின் இயக்குங்கள். அதன் பிறகே பாலக்கோட்டை நீக்குங்கள். மற்ற இரண்டுக்கும் 'புரொடெக்ட்' போட்டுவிடுங்கள். அது இருக்கும்வரை புலுமி அவற்றை அழிக்காது. அமேசானின் இதே வகைக் கருவியான ஏடபிள்யூஎஸ் சிடிகே பயன்படுத்துவோருக்கும் இதே ஆபத்து உண்டு. அங்கே பெயர், கன்ஸ்ட்ரக்ட் (கட்டமைப்பின் ஓர் உறுப்பு) நிரலில் அமைந்திருக்கும் பாதையிலிருந்து உருவாவதால், நிரலை ஒழுங்குபடுத்துவதாக எண்ணி ஒரு டேட்டாபேஸை வேறொரு கிளாஸுக்குள் நகர்த்தினாலே அது புதியதாகக் கருதப்படும்.

ஸ்டேட் கோப்பை, நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்-இல் வைக்கலாமா?
— பர்கூர் பொறியியல் மாணவர்

வேண்டாம். இருவர் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒருவரின் மாற்றம் மற்றவரின் கோப்பில் இருக்காது. டெர்ராஃபார்மின் ஸ்டேட் கோப்பில் கடவுச்சொற்கள் வெளிப்படையாகவே கிடக்கக்கூடும். எஸ்3 போன்ற, குழுவினர் மட்டும் பகிரும் சேமிப்பகத்தில் வைத்து, பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியை இயக்குங்கள். புலுமியில் ரகசியங்களை 'சீக்ரெட்' என்று குறித்தால் அவை மறையாக்கம் செய்யப்படும். அதற்கான கடவுத்தொடரைத் தொலைத்தால் அவற்றை மீட்க வழியில்லை.

மாம்பழப் பருவத்தில் மட்டும் எங்கள் ஆர்டர் தளத்துக்குக் கூடுதல் சர்வர்கள் வேண்டும். மே முதல் ஜூலை வரை ஆறு, மற்ற மாதங்களில் இரண்டு என்று நிரலிலேயே தேதியைப் பார்த்து முடிவு செய்யலாமா?
— காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையின் கணினிப் பிரிவு

நிரல்மொழி அதற்கு இடம் கொடுக்கும் என்பதற்காகச் செய்யாதீர்கள். ஆகஸ்ட் முதல் தேதி ஒருவர் ஃபயர்வால் விதி ஒன்றைத் திருத்த நிரலை இயக்குவார். அவர் கேட்காமலேயே நான்கு சர்வர்கள் இறங்கிவிடும். அன்றைக்குப் பருவம் நீண்டு ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தால் தளம் திணறும். இன்று இயக்கினாலும் நாளை இயக்கினாலும் ஒரே நிரல் ஒரே விளைவைத் தர வேண்டும். எண்ணிக்கையை ஸ்டாக்கின் (புலுமியில் ஒரு தனி நிறுவலின்) கான்ஃபிக் கோப்பில் வைத்து, மாற்றும்போது இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரும்படி செய்யுங்கள். தானாகவே ஏறி இறங்க வேண்டுமென்றால் ஏடபிள்யூஎஸ்ஸின் ஆட்டோ ஸ்கேலிங் குழுவில் கால அட்டவணையை அமையுங்கள். அப்போது சர்வர் எண்ணிக்கையை மட்டும் புலுமியின் 'இக்னோர் சேஞ்சஸ்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள், இல்லையெனில் அட்டவணை ஏற்றிவைத்த எண்ணிக்கையை அடுத்த முறை புலுமி பழைய எண்ணுக்கே இறக்கிவிட நேரும்.