மச்சான் கேட்கிறார்: மோட்டார் ஹோம் கடனை என் பெயரில் வாங்கலாமா?

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து மாமனார், மாமியார் வருகிறார்கள். போன ஜூலையில் மச்சான் குடும்பத்தோடு சேர்ந்து, வாடகை மோட்டார் ஹோமில் (படுக்கை, சமையல் வசதியெல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வண்டி) கொலராடோவின் துராங்கோ, சில்வர்ட்டன், யூரே எல்லாம் சுற்றினோம். 12 இரவுக்கு எல்லாம் சேர்த்து 6,400 டாலர் ஆனது. என் கார்டில்தான் போட்டேன். பாதி தருவதாகச் சொன்னவர் இன்னும் தரவில்லை. 5,900 பாக்கி நிற்கிறது, வட்டி 22 சதவீதம். இப்போது, ஒரு லட்சம் டாலருக்குச் சொந்தமாகவே ஒன்று வாங்கலாம் என்கிறார். முன்பணம் 10,000, மீதிக்கு 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன், மாதம் 753 டாலர். தவணை ஆளுக்குப் பாதி. அவருடைய கிரெடிட் ஸ்கோர் சரியில்லாததால் கடன் என் பெயரில். முன்பு அவருடைய கார் கடனுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். மறுத்தால் மாமியார் வருத்தப்படுவார். அடுத்த வருடம் வீடு வாங்கும் எண்ணமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கையெழுத்தைப் பற்றித்தான் கவலை. முதலில் கார், அப்புறம் கார்டு, இப்போது 20 வருடக் கடன். மூன்றிலும் செலவை முடிவு செய்தவர் மச்சான், பொறுப்பு உங்களுடையது. போன வருடப் பாதிப் பணமான 3,200 டாலரையே தராதவர், மாதம் 376 டாலர் வீதம் 240 மாதம் தவறாமல் தருவார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். வருடத் தவணை 9,000. இன்சூரன்ஸ், நிறுத்தி வைக்கும் இடத்துக்கு வாடகை, பராமரிப்பு எல்லாம் சிக்கனமாகப் போட்டாலும் 4,000. ஆக 13,000. பெட்ரோலும் முகாம் கட்டணமும் இதில் சேரவில்லை. மச்சான் ஒழுங்காகப் பாதி கொடுத்தால்கூட உங்கள் பங்கு 6,500. போன வருடம் இரண்டு குடும்பமும் சேர்ந்து போய் வந்த மொத்தச் செலவே 6,400தான்!

5 வருடம் கழித்து என்ன ஆகும் என்று பாருங்கள். அதற்குள் 45,000 டாலர் கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்திருப்பது சுமார் 11,000தான், பாக்கி 79,000 நிற்கும். வண்டியை அன்று விற்றால் 60,000 கிடைத்தாலே நல்ல விலை. ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் தேயாது என்றும் நினைக்காதீர்கள். டயர் வயதானாலே வெடிப்பு விடும், கூரையின் ஒட்டுப்பூச்சு காய்ந்து மழைநீர் உள்ளே இறங்கும்.

'சும்மா நிற்கும் நாட்களில் வாடகைக்கு விட்டால் தவணை தானாகக் கட்டிக்கொள்ளும்' என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். மச்சானும் அதைத்தான் பார்த்திருப்பார். எனக்கு இதில் பொறுமையே இல்லை. நல்ல வாடகை வருவது ஜூன், ஜூலையில். நீங்கள் ஊர் சுற்றுவதும் அதே வாரங்களில்தான். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி, வண்டி வாடகைக்குப் போயிருக்கும்போது பொதுவாகக் கைவிட்டுவிடும். வாடகைக்கு விடவே கூடாது என்று பல கடன் ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும்.

வீட்டு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வருமானத்தில் எவ்வளவு ஏற்கனவே தவணைக்குப் போகிறது என்று வங்கி பார்க்கும். 753 டாலர் தவணை இருந்தால், 7 சதவீத வட்டியில் 30 வருட வீட்டுக் கடனில் ஏறக்குறைய 1,10,000 டாலர் வரை உங்களுக்குக் கிடைப்பது குறையலாம். பிள்ளைகளுக்கான ஓர் அறையே அதில் போய்விடும்.

நீங்கள் சுற்றிய ஊர்களெல்லாம் சுரங்கத்தால், முக்கியமாக வெள்ளியால் வளர்ந்தவை. அதே மாநிலத்தில் லெட்வில்லில் வெள்ளியால் பெரும் கோடீஸ்வரரானவர் ஹோரஸ் டேபர். 1893இல் வெள்ளி விலை சரிந்தபோது அடமானத்தில் இருந்த சொத்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. கடைசியில் டென்வரில் போஸ்ட்மாஸ்டராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்து, 1899இல் இறந்தார். அவ்வளவு சொத்து வைத்திருந்தவரையே கடன் சாய்த்துவிட்டது.

எனவே, கையெழுத்துப் போடாதீர்கள். மச்சானிடம் பேச வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் மனைவி. 'அண்ணா, வீட்டுக் கடன் வாங்கும் வரை எங்கள் பெயரில் வேறு எந்தக் கடனும் கிடையாது' என்று தங்கை சொன்னால் அது சண்டையாக மாறாது. மாமியாரிடமும் அவரே சொல்லட்டும். கார் கடனின் ஆன்லைன் கணக்கை நீங்களும் பார்க்க வழி செய்துகொள்ளுங்கள். அவர் ஒரு தவணை தவறினாலும் அடி உங்கள் ஸ்கோருக்கும் சேர்த்துத்தான்.

கார்டு பாக்கிக்கு மாதம் 108 டாலர் வட்டியாகவே போகிறது. முன்பணத்துக்கு வைத்திருக்கும் பத்தாயிரத்திலிருந்து 5,900ஐ இந்த வாரமே கட்டிவிடுங்கள். மீதி 4,100 வீட்டுக்கு.

பயணத்தை விட வேண்டாம். பெரியவர்கள் ஆசையோடு வருகிறார்கள். 7 இரவுக்கு வாடகை வண்டி போதும். வண்டியை உங்கள் கார்டில் எடுங்கள், முகாம் இடங்களையும் ரயில் டிக்கெட்டையும் மச்சான் தன் கார்டில் எடுக்கட்டும். யாரும் யாருக்கும் பாக்கி வைக்க வேண்டியிருக்காது. துராங்கோ 6,500 அடி, சில்வர்ட்டன் 9,318 அடி. மாமனாருக்கு மூச்சு வாங்கலாம், இரண்டு நாள் கீழேயே தங்கி உடம்பைப் பழக்குங்கள். அப்புறம் 1882இல் போட்ட குறுகிய பாதை ரயிலில் மேலே போய் வாருங்கள். யூரேவுக்குப் போவதானால் சில்வர்ட்டனிலிருந்து வடக்கே ஓட்டுங்கள். அந்தச் சாலையில் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. வடக்கே போகும்போது நீங்கள் மலையை ஒட்டிய பக்கம் இருப்பீர்கள், எதிரே வருபவர்தான் பள்ளத்தின் ஓரம்.