போர் தண்ணீர் உப்பு: காந்தக் கருவி வாங்கலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் 850 அடி போர். தென்னைக்கும் சின்ன வெங்காயத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1,400 காட்டுகிறது. பாய்ச்சினால் மண்ணில் இறங்காமல் தேங்கி நிற்கிறது, காய்ந்தால் பொருக்குத் தட்டுகிறது. குழாயில் மாட்டும் காந்தக் கருவி 42,000 ரூபாய், உப்பை உடைத்துவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸும் கொடுத்துவிடாதீர்கள். கரைந்திருக்கிற உப்பைக் காந்தம் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்காது. கருவிக்கு முன்னால் ஒரு டம்ளர், பின்னால் ஒரு டம்ளர் பிடித்து, உங்கள் மீட்டரையே இரண்டிலும் வைக்கச் சொல்லுங்கள், அதே 1,400தான் நிற்கும்.

சரி, அந்த 1,400 எவ்வளவு உப்பு என்று சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. தண்ணீர் இறங்காமல் தேங்குவதும் பொருக்கும் சோடியம் மிகுதியின் அடையாளம், அதாவது உங்கள் மண் களராக மாறிக்கொண்டிருக்கலாம், எனக்குக் கவலை அதுதான். அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ பாசன நீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள், கட்டணம் சொற்பம். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் வாய் வரை நிரப்பி மூடி, அன்றே கொண்டுபோய்விடுங்கள். உரமோ மருந்தோ இருந்த பாட்டில் கூடவே கூடாது.

ரிப்போர்ட்டில் ஆர்.எஸ்.சி. (எஞ்சிய சோடியம் கார்பனேட்) என்ற எண்ணை முதலில் பாருங்கள். 1.25க்குள் இருந்தால் பயமில்லை, 2.5ஐத் தாண்டினால் அப்படியே பாய்ச்சுவது ஆபத்து. அதற்கு மருந்து ஜிப்சம். ஆர்.எஸ்.சி.யில் ஒரு எண் குறைக்க, ஒரு லட்சம் லிட்டர் தண்ணீருக்குச் சுத்தமான ஜிப்சம் சுமார் 8.6 கிலோ என்று கணக்கு, கடையில் கிடைப்பது அவ்வளவு சுத்தமில்லை என்பதால் கொஞ்சம் கூடும். இதைச் சொட்டுநீர்க் குழாயில் கரைத்து விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். மண் பரிசோதனையும் செய்து, அவர்கள் சொல்லும் அளவை மழைக்கு முன் நிலத்தில் போடுங்கள், அப்புறம் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். மூட்டைக்கணக்கில் வாங்கினாலும் அந்தக் காந்தத்தின் விலை வராது.

ஆர்ஓ போடலாமே என்றும் யாராவது சொல்வார்கள். அது கழிக்கிற உப்புத் தண்ணீரை உங்கள் நிலத்தில்தானே விட வேண்டியிருக்கும்?

தென்னை இந்த உப்பை ஓரளவு தாங்கும். சின்ன வெங்காயத்தை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது, இந்த அளவு உப்பில் அது நிச்சயம் விளைச்சலில் அடி வாங்கும். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனம் உங்களுக்கு உண்டென்றால் தண்ணீர் விடும் மாதங்களை ஒட்டி நடவை வையுங்கள், இல்லையென்றால் பண்ணைக்குட்டை மழைநீரைப் போர் தண்ணீரோடு கலந்து விடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எண்களை அனுப்புங்கள், ஜிப்சம் எத்தனை மூட்டை என்று சேர்ந்தே கணக்குப் போடலாம்.