பிடில் மெட்டை மாண்டலினில் வாசிக்கப் பழகுதல்: கேள்வி பதில்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வழங்கும் பழைய பிடில் மெட்டுகளை மாண்டலினில் வாசிக்கப் பழகுவோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வயலினுக்கு உருவான மெட்டு மாண்டலினில் எப்படிப் பொருந்துகிறது?

இரண்டுக்கும் ஜி, டி, ஏ, இ என்ற ஒரே சுருதியமைப்பு என்பதால், இடக்கை விரல்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழுகின்றன. 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்திலேயே புழங்கிய 'சோல்ஜர்ஸ் ஜாய்' மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டி மேஜரில், அதாவது டி-யை ஷட்ஜமாகக் கொண்ட சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தது. எட்டு எட்டு பார்களாக (பார் என்பது ஒரு தாளச் சுற்று) இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை, ஆக 32 பார்கள். வழக்கமான வடிவில் முதல் பார் திறந்த, அதாவது விரல் வைக்காத, ஏ தந்தியில் தொடங்கி, டி தந்தியின் நான்காம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த கட்டை), திறந்த டி, மீண்டும் நான்காம் ஃப்ரெட் என்று இறங்கி ஏறுகிறது. அதையே மறுபடியும் வாசித்தால் பார் முடிந்துவிடும். நடுவிரலை நான்காம் ஃப்ரெட்டிலேயே விட்டுவைக்காமல், திறந்த டி வரும்போது சற்றே தூக்கினால் போதும்.

கேள்வி: பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) எந்தத் திசையில் போக வேண்டும்?

தாளத்தின் மேல் விழும் ஸ்வரத்துக்குக் கீழ்வீச்சு, இடையில் விழுவதற்கு மேல்வீச்சு. இரண்டாம் பாரில் ஸ்வரங்கள் நீளும்போதும் கை நிற்கக் கூடாது. மேல்வீச்சு தந்தியைத் தொடாமல் காற்றில் போய்த் திரும்ப வேண்டும். இதைச் சரியாகப் பழகாதவர்களுக்கு வேகம் கூடும்போது மெட்டு சிதறிவிடும். ஜிக் என்ற நடன மெட்டு வகைக்கு வீச்சுமுறை வேறு. அதை இங்கே கலக்க வேண்டாம்.

கேள்வி: எத்தனை நாளில் முழு வேகத்தில் வாசிக்கலாம்?

நாள் கணக்கு சொல்ல இயலாது. முதலில் மெட்டை வாயால் பாடுங்கள்.

கேள்வி: எந்த மாண்டலின் வாங்கலாம்?

சுருதி நிற்கிற எதுவும் போதும்.

கேள்வி: 'ஓல்ட் ஜோ கிளார்க்' மெட்டுக்குப் பிடில்காரர்கள் சுருதியை மாற்றுகிறார்களே, நாமும் மாற்ற வேண்டுமா?

மாற்றாமலும் வாசிக்கலாம். ஆனால் அவர்கள் வைக்கும் ஏ, இ, ஏ, இ என்பது நம் கர்நாடக வயலினின் ச-ப-ச-ப அமைப்பேதான். மெட்டின் ஸ்வரங்களும் ஹரிகாம்போதிக்கு உரியவை. அந்தத் தந்திகள் பின்னணியில் ஒலித்துக்கொண்டே இருப்பதைக் கேட்டுவிட்டால், நீங்களும் ஒருமுறை ஜி, டி இரண்டையும் ஒவ்வொரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) ஏற்றிப் பார்ப்பீர்கள்.

கேள்வி: வில்லின் நீண்ட நாதத்துக்கு, ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டும் ட்ரெமலோதானே ஒரே வழி?

இல்லை. நடன மெட்டில் ட்ரெமலோ போட்டால் தாளத்தின் துள்ளல் போய்விடுகிறது. வில் ஒரே இழுப்பில் இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில், முதல் ஸ்வரத்தை மட்டும் மீட்டி, அடுத்ததை இடக்கை விரலை ஃப்ரெட்டில் தட்டி எழுப்புங்கள். வில் திசை மாறும் இடத்தில் பிக்கை அழுத்துங்கள்.

அதே வாசகர் மறுபடியும்: புகழ்பெற்ற புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசைவகை) மாண்டலின் கலைஞர் பில் மன்றோவே ட்ரெமலோ வாசித்தவர்தானே?

வாசித்தார், மெல்ல நகரும் பாடல்களில் அது மிகவும் அழகாகவே இருக்கும். ஆனால் 1911இல் கென்டக்கியில் பிறந்த அவர், நடனங்களுக்குப் பிடில் வாசித்த தம் தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவருடன் இளம் வயதில் கிட்டார் வாசித்து வளர்ந்தவர். ஆடுபவர் காலுக்கு எங்கே அழுத்தம் வேண்டும் என்பதை அவர் அங்கேதான் கேட்டறிந்தார். அந்தப் பிடில் தாளம் அவருடைய மாண்டலின் கையில் இருந்தது. ஆகவேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மாண்டலின் பதிவைக் கேட்டு மெட்டைப் பிடிக்காதீர்கள், பிடில் பதிவைக் கேளுங்கள்.

கேள்வி: மெட்ரோனோமில் (தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எந்த வேகத்தில் தொடங்குவது?

வேகத்தைப் பற்றி மேலே எழுதியதையே படியுங்கள். பாடிக்கொண்டே பிழையில்லாமல் வாசிக்க முடிகிற வேகம் எதுவோ, அங்கே தொடங்குங்கள்.