இரண்டாம் புத்தகத்தின் மேல் என்ன கோபம்?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு ஃபேன்டஸி தொடர் படிக்கிறார்கள். முதல் நாவலைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாவது வந்ததிலிருந்து ஒரே சண்டை. நாயகனைப் பாதிப் புத்தகம் வரைக்கும் காணவில்லையாம். நாயகி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாளாம். எல்லோருக்கும் பிடித்த ஒரு பாத்திரம் செத்துப்போகிறதாம். முடிவே இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறதாம். என் மகள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. காசுக்காகக் கதையை இழுக்கும் இந்த எழுத்தாளர்களை நீங்களாவது கண்டிக்கக் கூடாதா? நம் கல்கி இப்படி ஏமாற்றியிருப்பாரா? மூன்றாவது புத்தகத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறேன், ரத்து செய்துவிடலாமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: புத்தகத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நல்லதாகப் போயிற்று. இந்தப் புகார்ப் பட்டியலை இளையோருக்கான எந்த ஃபேன்டஸி தொடரின் இரண்டாம் நாவல் மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை. நீங்கள் அதைப் படித்தீர்களா? கடிதம் முழுக்கக் கேள்விப்பட்ட சேதியாகவே இருக்கிறது. படிக்காத புத்தகத்தை எழுதியவரைக் கண்டிக்கச் சொல்லி, அதைப் படிக்காத இன்னொரு ஆளிடம் மனு கொடுக்கிறீர்கள். சரி, உங்கள் புகாரை விட்டுவிட்டு மகளின் புகாரை எடுத்துக்கொள்வோம். அவளாவது படித்திருக்கிறாள்.

நாயகன் காணாமல் போவது இந்த வகைத் தொடர்களில் பழைய வழக்கம். 2006-இல் வந்த 'நியூ மூன்', ட்வைலைட் தொடரின் இரண்டாவது நாவல். முதல் நாவலில் எட்வர்ட் என்ற எந்த ரத்தக்காட்டேரிப் பையனுக்காக ஊர் ஊராகப் பெண்பிள்ளைகள் உருகினார்களோ, அவன் இதில் ஆரம்பத்திலேயே நாயகியை விட்டுப் போய்விடுகிறான். அடுத்து வரும் பக்கங்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் இருக்கும். மற்றபடி வெற்றுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அந்த மாதங்களில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதை இதைவிடச் சிக்கனமாக எப்படிச் சொல்வது? எனக்கு அந்தத் தொடர் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் அந்த வெற்றுத்தாள்களைப் பிடிக்கும். அவன் இல்லாத இடத்தில் ஜேக்கப் என்ற இன்னொருவன் வந்து நின்றான். வாசகர்கள் எட்வர்ட் கட்சி, ஜேக்கப் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள், கட்சிப் பெயர் போட்ட டி-ஷர்ட்டெல்லாம் விற்றது. எட்வர்ட் ஊரிலேயே இருந்திருந்தால் ஜேக்கப்புக்குக் கட்சி ஏது?

இதைவிடத் துணிந்து செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். அவருடைய எர்த்ஸீ தொடரின் முதல் நாவல் 1968-இல் வந்தது. ஆட்டு மந்தை மேய்த்த பையன் மந்திரவாதி ஆகிற கதை. அடுத்து 1971-இல் வந்த நாவலைத் திறந்தால் அந்தப் பையனே இல்லை. வேறு தேசம், வேறு தெய்வங்கள், இருட்டுச் சுரங்கங்களுக்கு நடுவே பூசாரியாக வளர்க்கப்படும் ஒரு சிறுமி. கணிசமான பக்கங்கள் தாண்டிய பிறகுதான் அவன் வருகிறான், அதுவும் அவளுடைய சுரங்கத்துக்குள் நுழைந்த திருடனாக. வாசகருக்கு அவன் யார் என்று தெரியும், அவளுக்குத் தெரியாது. அவனை அவள் கொல்லப்போகிறாளா விடப்போகிறாளா என்று நாம் தவிக்கிற தவிப்புக்கு, முதல் நாவல் முழுவதும் அவனோடு நடந்ததுதான் காரணம். அவனை முதல் பக்கத்திலேயே கொண்டுவந்திருந்தால் இந்தத் தவிப்புக்கு வழியே இல்லை. அந்த இரண்டாவது நாவலுக்கு, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி கௌரவமும் கிடைத்தது. உங்கள் மகளின் புத்தகத்தில் நாயகன் இல்லாத பக்கங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றால் திட்டட்டும். அவன் இல்லை என்பதற்காக மட்டும் திட்டினால், அவள் தேடியது நாவலை இல்லை, அவனை.

அடுத்து கல்கி. அவரை ஏன் இழுத்தீர்கள் என்று தெரியவில்லை, இழுத்தது உங்களுக்கே பாதகம். 'பொன்னியின் செல்வன்' என்று யார் பெயரில் கதை நடக்கிறதோ, அந்த அருள்மொழிவர்மரைத் தேடி வந்தியத்தேவன் இலங்கைக்குப் போய் நேரில் சந்திப்பது இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றில்தான். முதல் பாகம் முழுக்க மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் மகளின் நாயகன் பாதிப் புத்தகம்தானே காணாமல் போனான்? அப்புறம், 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. ஒவ்வொரு வாரமும் ஆசாமியைக் கத்தி முனையிலோ, கதவு இடுக்கிலோ, நடுக்கடலிலோ நிறுத்திவிட்டு, மீதி அடுத்த வாரம் என்று அனுப்பிவைத்தார். ஐந்து பாகத்தையும் பைண்டு செய்த புத்தகமாகக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் படித்தவர்களுக்கு அந்த வேதனை தெரியாது. முடிந்த பிறகாவது விட்டார்களா? கதை சட்டென்று நின்றுவிட்டதே, இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்க, முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. உங்கள் கடிதத்தை அவர் பார்த்திருந்தால் பழகிய கடிதமாகத்தான் நினைத்திருப்பார்.

நாயகி எரிந்து விழுகிறாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியமான புகார். இந்தக் கதைகளில் முதல் நாவலின் முடிவில் என்ன நடக்கும்? பதினைந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கொலைகளைப் பார்த்திருப்பாள், ஒருவேளை செய்துமிருப்பாள். வீட்டை இழந்து, நம்பிய பெரியவர்கள் பொய் சொன்னதைத் தெரிந்துகொண்டு, எப்படியோ உயிரோடு வெளியே வந்திருப்பாள். நாம் கைதட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவோம். இரண்டாம் நாவலில் அவள் பழையபடி சிரித்துக்கொண்டு வந்தால் அதுதான் மோசடி. 2009-இல் வந்த 'கேட்சிங் ஃபயர்' ஃபேன்டஸி என்பதைவிட எதிர்காலக் கதை, ஆனால் படித்தவர்கள் இதே வயசுப் பிள்ளைகள். முந்தைய வருடம் வந்த 'ஹங்கர் கேம்ஸ்' நாவலில் உயிரைப் பணயம் வைக்கும் போட்டியில் ஜெயித்த பெண் இதில் ராத்திரி தூக்கத்தில் அலறி எழுகிறாள். ஜெயித்ததற்குக் கொடுத்த விலையை அந்த நாவல் மறைக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. முதல் புத்தகத்தைப் பிள்ளைகள் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் திறந்தார்கள். அதன் பிறகு காத்திருந்த காலத்தில், யார் யாரைக் காதலிப்பார்கள், யார் துரோகி, யாருக்குச் சிம்மாசனம் என்று லிஃப்டிலும் பள்ளி வேனிலும் பேசிப் பேசி ஆளுக்கொரு இரண்டாம் நாவலை மனசுக்குள் எழுதி முடித்திருப்பார்கள். அச்சில் வந்தது அந்த ஏழெட்டு நாவல்களில் எதோடும் ஒத்துப்போகாது. போதாததற்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் முதல் நாவலைப் படித்த பெண் இப்போது பதினாலைத் தொட்டிருப்பாள். புத்தகம் மாறிவிட்டது என்று அவள் சொல்வதில் பாதி அவளே மாறியது. உங்களிடமும் எரிந்து விழுகிறாளா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை.

பிடித்த பாத்திரம் சாவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பிடிக்காத பாத்திரம் செத்தால் யார் கடிதம் எழுதுகிறார்கள்?

முடிவு இல்லை என்ற புகாரில் மட்டும் நான் பிள்ளைகள் பக்கம். டோல்கீன் 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை ஒரே கதையாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய காகித விலையில் அவ்வளவு பெரிய புத்தகம் போடத் தயங்கிய பதிப்பகம் அதை 1954-இலும் 1955-இலுமாக மூன்று புத்தகங்களாக வெளியிட்டது. அதன் நடுப்புத்தகம் அந்தரத்தில் நிற்பதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று புத்தகம் என்று முதலிலேயே திட்டம் போட்டு எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பெரிய கதை முடிய வேண்டாம், இந்தப் புத்தகம் ஆரம்பத்தில் எழுப்பிய ஏதாவது ஒரு கேள்வியாவது இந்தப் புத்தகத்திலேயே தீர வேண்டும். லெ குவினின் அந்தச் சிறுமியின் கதை அதிலேயே முடிகிறது, வேறு எதையும் படிக்காமல் அதை மட்டும் படிக்கலாம். கதவைத் தட்டும் சத்தத்தோடு கடைசிப் பக்கத்தை நிறுத்திவிட்டு, மீதிக்கு அடுத்த வருடம் பணம் கட்டு என்றால் அது சோம்பேறித்தனம். உங்கள் மகளின் புத்தகம் இதில் எந்த ரகம் என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

காசுக்காக இழுக்கிறார்கள் என்கிறீர்கள். இழுப்பது யார்? ஹாரி பாட்டர் தொடரின் இரண்டாம் நாவல் 1998 ஜூலையில் பிரிட்டனில் வெளியானது. அமெரிக்கப் பதிப்பு வரும் வரை அங்கே பொறுக்க முடியாதவர்கள் பிரிட்டனிலிருந்து இணையத்தில் வரவழைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். வியாபாரம் கை நழுவுவதைப் பார்த்த அமெரிக்கப் பதிப்பகம் தன் வெளியீட்டை முன்கூட்டி 1999 ஜூனிலேயே கொண்டுவந்தது. நான்காவது நாவல் 2000 ஜூலை 8 அன்று இரண்டு நாட்டிலும் ஒரே நாளில் வந்தது. அவசரப்படுத்தியவர்கள் வாசகர்கள். ட்வைலைட் தொடரின் நான்கு நாவல்களும் 2005-லிருந்து வருடத்துக்கு ஒன்றாக வந்தன, ஹங்கர் கேம்ஸ் மூன்றும் அப்படியே. முதல் நாவலை யாரும் கேட்காத நிம்மதியில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதை வருடத்துக்குள் கேட்கிறோம், அது முதலாவதைவிட நன்றாகவும் இருக்க வேண்டும் என்கிறோம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயத்தை நீங்கள் புகார் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் ஓர் அபார்ட்மென்ட்டில், ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரு நாவலுக்காகச் சண்டை போடுகிறார்கள். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்துதான் போட்டிருப்பார்கள். கப்பன் பூங்காவில் சனிக்கிழமைகளில் பெரியவர்கள் பாய் விரித்துப் பேசாமல் படிக்கிறார்கள், அது ஒரு வகை. பேசித் தீர்க்கிற இந்த வகையும் ஊருக்கு வேண்டும். நம்மூரில் தமிழில் எழுதி, சொந்தக் காசில் புத்தகம் போட்டு, யாராவது திட்டி நாலு வரி எழுத மாட்டார்களா என்று காத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சண்டையை வாடகைக்குக் கேட்பார்கள்.

சண்டையைக் கொஞ்சம் கூராக்கலாம். நாயகியைப் பிடிக்கவில்லை என்று ஒருத்தி சொன்னால், அவள் அப்படி நடந்ததற்குக் கதையில் காரணம் இருக்கிறதா என்று மற்றவர்கள் கேட்கட்டும். காரணம் இருந்தால் கோபம் நாயகி மேல் போகட்டும். இல்லாவிட்டால் எழுத்தாளர் மேல் போகட்டும், தாராளமாக. எந்தப் பக்கத்தில் அலுப்புத் தட்டியது என்று பக்க எண்ணோடு சொல்லச் சொல்லுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே உதிர்ந்துவிடும், மீதி நிற்கிறதே, அதை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். நீங்களும் உள்ளே போக வேண்டும் என்றால் முதலில் இரண்டு புத்தகத்தையும் படித்துவிட்டுப் போங்கள். மகளுக்குத் தமிழ் எழுத்து வராது என்றால் 'சுழற்காற்'றை நீங்கள் வாசித்துக் காட்டலாம். அதற்கும் அந்தக் குழு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

முன்பதிவு விஷயம். காசு உங்களுடையது, தொடர் அவளுடையது. அவளைக் கேட்காமல் ரத்து செய்யாதீர்கள். அவளே ரத்து செய்யச் சொன்னால் செய்துவிடுங்கள், கொஞ்ச நாள் பொறுத்தால் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். அதற்குள் மற்ற பிள்ளைகள் வாங்கிப் படித்து, முடிவை லிஃப்டிலேயே போட்டு உடைத்துவிட்டால், அதற்கு என்னிடம் மனு கொடுக்காதீர்கள்.